எண்ணூறு சொற்கள் எழுத ஆள் வேண்டும்



பத்ம விருதுக்கு ஒருவர் பெயரை அனுப்ப யாருடைய சிபாரிசும் தேவையில்லை. அமைச்சரின் கடிதம் வேண்டாம், கட்சி வேண்டாம், சங்கம் வேண்டாம். மத்திய அரசின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் ஒருவரைப் பரிந்துரைக்கலாம். அவர்கள் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். அந்த மனிதர் செய்த காரியம் என்ன, அதனால் யாருக்கு என்ன நன்மை என்று 800 சொற்களுக்கு மிகாமல் எழுதித் தரவேண்டும்.

இந்த 800 சொற்களைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. தேனி மாவட்டத்தில் நம் போடி மலைச்சரிவில் மரியாதைக்கு உரியவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களைப் பற்றி எழுதித் தருகிற கைகளுக்குத்தான் பஞ்சம்.

பட்டங்களைப் பற்றி உங்கள் கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. “தகுதி இல்லாதவர்களுக்கெல்லாம் விருது கொடுக்கிறார்களே, நீங்கள் ஏன் கண்டித்து எழுதக்கூடாது?” என்று கேட்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே ஓர் அமைப்பு மேடை போட்டு, சினிமாத் துறையினர் உட்படப் பலருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. அந்தப் பட்டங்களுக்கு எந்த மதிப்பும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பல்கலைக்கழகமே காவல்துறைக்குப் போகவேண்டி வந்தது. பணம் கட்டினால் பட்டம், அதோடு ஒரு மாலை, ஒரு புகைப்படம் என்று நடக்கும் விழாக்கள் மாவட்டங்களுக்கும் வந்துவிட்டன. கண்டிக்கத்தான் வேண்டும், கண்டிக்கிறேன். ஆனால் தகாதவருக்குப் போன பட்டத்தைவிட, தகுந்தவருக்குப் போகாமலே போன மரியாதைதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. போலிப் பட்டம் நாலு நாளில் சாயம் போய்விடும். பெயர் தெரியாமல் செத்துப்போகிற நல்லவரை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். பலருக்கு இது தெரியாமல் இருக்கிறது. ராணுவம், கல்வி ஆகியவை சார்ந்த சிறப்புகள் நீங்கலாக அரசு யாருக்கும் எந்தப் பட்டமும் வழங்கக்கூடாது என்கிறது நம் அரசமைப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர், சர் என்று வெள்ளைக்காரன் அடுக்கிவைத்த ஏணியைப் பார்த்துச் சலித்தவர்கள் எழுதிய பிரிவு அது. அந்த ஏணியின் உச்சிப் படியில் நின்றவர்களில் ஒருவர் நம் மதுரைக்காரர். தேனி தனி மாவட்டமாக ஆனது 1996இல்தான். அதுவரை நாமும் மதுரைக்காரர்கள்தானே! மதுரையில் பிறந்து, அங்கேயே வக்கீலாகத் தொழில் நடத்தி, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்த சர் எஸ். சுப்பிரமணிய ஐயர்தான் அவர். 1917இல் இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்டு அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு அதற்காக ஆட்சியாளர்கள் அவரைக் கடிந்துகொண்டபோது, ‘சர்’ பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் வேண்டாம் என்று துறந்துவிட்டார். தாகூர் பட்டத்தைத் துறந்ததை எல்லோரும் அறிவோம், அது 1919. நம் ஊர்ப் பெரியவர் அதற்கு முன்பே அதைச் செய்தவர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அப்படியானால் பத்ம விருது மட்டும் எப்படிச் சரி என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அவை பட்டங்கள் ஆகா, அரசு காட்டும் பாராட்டு என்பதால் கொடுக்கலாம். ஆனால் விருது பெற்றவர் அதைத் தன் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக்கூடாது என்றது நீதிமன்றம். அழைப்பிதழ் அடிக்கிற அச்சகத்தார் இதை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டிவைத்தால் நல்லது. விருதோடு பணம் கிடையாது, ரயில் சலுகை கிடையாது. குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட ஒரு சான்றும் ஒரு பதக்கமும்தான். ஆண்டுக்கு 120 பேர் என்பது உச்சவரம்பு. மறைவுக்குப் பின் பெறுவோரும் வெளிநாட்டில் வாழ்வோரும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். 1977இல் மொரார்ஜி தேசாய் அரசு இந்த விருதுகளை நிறுத்தியது, 1980இல் திரும்ப வந்தன. விருதே வேண்டாம் என்கிற கட்சியில் நான் இல்லை. நல்லது செய்தவரை நாலு பேர் முன்னால் எழுந்து நின்று கும்பிடத் தெரியாத ஊர், அடுத்த நல்லவரை வளர்க்காது.

யாருக்கு அந்தக் கும்பிடு? இதற்கு டெல்லிக்குப் போகவேண்டாம், நம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே பதில் இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ராணுவப் பொறியாளர் ஜான் பென்னிகுயிக்குக்குப் பிரிட்டிஷ் அரசு ‘இந்திய நட்சத்திரத் தோழர்’ என்ற விருதைக் கொடுத்தது. கம்பத்திலோ சின்னமனூரிலோ அந்த விருதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பிள்ளைக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைத்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர் பிறந்த ஜனவரி 15ஆம் தேதி பாலார்பட்டியில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். 1895இல் திறந்த தண்ணீருக்கு இன்றைக்கும் நன்றி செலுத்துகிற மக்கள் இவர்கள். 2013இல் லோயர் கேம்ப்பில் அரசு மணிமண்டபம் கட்டியது, தேனி பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான். அரசு செய்தது பின்னால் வந்தது. முதலில் செய்தவர்கள் வயலில் நின்றவர்கள்.

ஆனால் அதே அணையைக் கட்டும்போது காட்டுக் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் மாண்ட தொழிலாளர்கள் பலர். கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்து அங்கேயே மண்ணானவர்கள். அவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளைக்கு வைக்க நம்மால் முடியுமா? நன்றி இல்லாததால் வந்த குறை இல்லை இது. எழுதிவைக்க ஆள் இல்லாததால் வந்த குறை. பென்னிகுயிக்குக்குக் கோப்பு இருந்தது, கடிதம் இருந்தது, வரைபடம் இருந்தது. அவர்களுக்கு ஒரு வரி இல்லை.

அந்தக் குறை இன்றைக்கும் அப்படியே தொடர்கிறது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்தவர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். அன்றைக்கு நாடு முழுதும் தொலைக்காட்சியில் பார்த்தது ஹெலிகாப்டர்களை. வந்த வீரர்களும் அதிகாரிகளும் மருத்துவர்களும் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் வந்துசேர்வதற்கு முன்பே, புகையைப் பார்த்ததும் மேலே ஏறியவர்கள் குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்து ஊர்க்காரர்கள், தோட்டத் தொழிலாளர்கள், மலையில் குடியிருக்கும் பழங்குடி மக்கள். காய்ந்த புல் பற்றி எரிகிற சரிவு அது. எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பது அந்த ஊர்க்காரனுக்கு மட்டும்தான் தெரியும். இருட்டில், வெந்துபோன உடம்புகளைப் போர்வையில் ஏந்திக் கட்டித் தோளில் சுமந்து இறக்கினார்கள். தூக்கும்போது தோல் கையோடு வந்துவிடுமோ என்று பயந்து பயந்து தூக்கியதைச் சொன்ன ஒருவர், அதற்கு மேல் பேச முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர்கள் பெயர்களை நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? ஒரு நாலு பெயர்? உயிர்காத்தவர்களுக்கென்றே மத்திய அரசின் ஜீவன் ரக்ஷா பதக்கம் 1961 முதல் இருக்கிறது. வீரதீரச் செயலுக்குத் தமிழக அரசின் அண்ணா பதக்கம் குடியரசு தினத்தன்று வழங்கப்படுகிறது. துணிச்சல் மிக்க பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருது சுதந்திர தினத்தன்று கொடுக்கப்படுகிறது. வாசல் திறந்துதான் இருக்கிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுதி, நேரத்தோடு மேலே அனுப்பவேண்டும். மலையிலிருந்து இறங்கிய மனிதர் மறுநாள் வேலைக்குப் போய்விடுவார். தன்னைப் பற்றித் தானே எழுத அவருக்குத் தோன்றாது, தோன்றவும் கூடாது. அது பக்கத்திலிருந்து பார்த்தவர் செய்யவேண்டிய வேலை.

அப்படிச் சொல்ல ஒருவர் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இருளர் பழங்குடியினரின் கதையைக் கேளுங்கள். பாம்புக் கடிக்கு மருந்து தயாரிக்க வேண்டிய விஷத்தை எடுக்க, பாம்பு பிடிக்கும் இருளர்களைச் சேர்த்துச் சென்னைக்கு அருகே 1978இல் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அதற்குப் பின்னால் நின்றவர் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர். பாம்பைப் பற்றித் தான் கற்றதில் பெரும்பகுதி இருளர்களிடமிருந்து வந்தது என்று ஊரறியச் சொல்லிக்கொண்டே இருந்தவர். 2017இல் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், அங்கே விஞ்ஞானிகளுக்குச் சிக்காத மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். விட்டேகருக்கு 2018இல் பத்மஸ்ரீ. சடையனுக்கும் கோபாலுக்கும் 2023இல். ஐந்தாண்டு பிந்தினாலும் வந்துசேர்ந்தது. எழுதவும் பேசவும் தெரிந்த ஒருவர், தன்னோடு காட்டில் நடந்தவர்களின் திறமையை மறைக்காமல் உலகத்துக்குச் சொன்னது அந்தப் பாதையைத் திறந்துவைத்தது என்பது என் துணிபு. நம் மலையில் முதுவர்கள் இருக்கிறார்கள், பளியர்கள் இருக்கிறார்கள். கொட்டகுடி ஊராட்சியின் எல்லைக்குள்ளேயே அவர்கள் குடியிருப்புகள் உண்டு. அவர்களுடைய விட்டேகர் யார்?

அடுத்து, ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள். விடியுமுன் போடி தெருக்களில் ஜீப்புகள் வரிசைகட்டும். தூக்குவாளி, தலைக்கு ஒரு துண்டு, இடுப்பில் கட்ட ஒரு பழைய சாக்கு. முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஏலச்செடியில் காய் இருப்பது மேலே கிளையில் இல்லை. தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில். அதனால் நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் வேலை. ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், விளைந்த காயும் இருக்கும். விளைந்ததை மட்டும் எடுக்கவேண்டும். பிஞ்சைப் பறித்தால் உலர்த்தும் ஸ்டோரில் காய்கிறபோது சுருங்கி எடை போகும், விலை போகும். விட்டுவிட்டால் அடுத்த எடுப்புக்குள் வெடித்து வீணாகும். இதைக் கண்ணால் பார்த்து யோசித்துச் செய்ய நேரமில்லை, விரல் தொட்டதும் விரலே சொல்லிவிடும் என்கிறார்கள். மழைக்காலத்தில் கால் விரலிடுக்கில் அட்டை. மருந்தடித்த தோட்டத்தில் மூக்கெரிச்சல். சாயங்காலம் அதே ஜீப், அதே வளைவுகள். அந்தச் சாலையில் கவிழ்ந்த ஜீப்புகளின் கதை உங்களுக்கே தெரியும்.

பச்சைக்காய் ஐந்து கிலோ காய்ந்தால் சுமார் ஒரு கிலோ. அது போடிக்கு இறங்கி, கடைகளில் சல்லடையில் சலித்து, எட்டு மில்லி, ஏழு மில்லி என்று தரம் பிரிந்து, ஸ்பைசஸ் போர்டு ஏலத்துக்குப் போகிறது. நம் ஊர் ஏலக்காய் நகரம் என்று பெயரெடுத்தது இப்படித்தான்.

“கூலிக்குச் செய்கிற வேலைக்கு எதற்கு விருது?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். கூலி வேலைக்கு உரிய மரியாதை நல்ல கூலி, அளவாக ஆள் ஏற்றிய ஜீப், முதுமையில் ஓய்வூதியம், தோட்டத்தில் ஒரு கழிப்பறை. அதைக் கொடுக்காமல் சால்வை போர்த்துவது தப்பு. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே கூலிக்கு அப்பால் காரியம் செய்தவர்கள் இருக்கிறார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நள்ளிரவில் வலியெடுத்த பெண்ணுக்குக் கைகொடுத்து, ஒரு காசு வாங்காத பாட்டிகள் இருக்கிறார்கள். மழையில் மரம் விழுந்த பாதையில் நோயாளியை இறக்கிக் கொண்டுவரும் ஜீப் டிரைவர்கள் இருக்கிறார்கள். படிப்பை விட்ட பிள்ளைகளைத் தேடி மலைக்குடிக்கு நடந்தே போகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மரியாதை வேண்டியது இவர்களுக்கு. இவர்கள் செய்ததை யாரும் செய்யச் சொல்லவில்லை, செய்யாவிட்டால் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

காயெடுக்கும் அக்கா ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, “எங்களப் பத்தி எழுத என்ன தம்பி இருக்கு? மலைக்குப் போறோம், வாரோம்” என்றார். பக்கத்தில் இருந்த சின்னப் பெண் சும்மா இருக்கவில்லை. “அத்த சொல்லாது சார். ஜீப்பு கவுந்த அன்னிக்குத் தன் கை ஒடிஞ்சத மறந்துட்டு எங்கள ஒவ்வொருத்தியா வெளிய இழுத்துப் போட்டது இதுதான்” என்றாள். 800 சொற்களில் முதல் பத்துப் பதினைந்து சொற்கள் அங்கே கிடைத்துவிட்டன. அந்தச் சின்னப் பெண் பக்கத்தில் இல்லாமலிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

விருது வந்ததோடு நம் வேலை முடிந்துவிடாது. மதுரைப் பக்கம் புல்லுச்சேரியில் சின்னப்பிள்ளை என்றொரு விவசாயக் கூலித் தாயார், பெண்களைச் சேர்த்துக் களஞ்சியம் சேமிப்புக் குழுக்களை வளர்த்தார். 2001இல் டெல்லி மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ. அவருடைய உழைப்பை அறிந்து எடுத்துச் சொல்ல, தானம் அறக்கட்டளை என்ற அமைப்பு உடன் நின்றது. ஆனாலும், தருவதாகச் சொன்ன வீடு வரவில்லை என்று அவர் வாய்திறந்து சொல்லவேண்டிய நிலை 2024இல் வந்தது. அதன் பிறகு தமிழக அரசு வீட்டுக்கு ஏற்பாடு செய்தது. காலைத் தொட்ட கைகளுக்குப் பின்னால் எத்தனையோ அலுவலகங்கள் இருந்தன. ஒருவரும் இடையில் போய், “அம்மா, எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

பெயர் நிலைப்பதற்கு அரசுதான் வேண்டும் என்பதில்லை, அதற்கு நம் ஏலத்தோட்டமே சாட்சி. இன்றைக்கு மலையில் பெரும்பாலும் நிற்பது ஞள்ளானி ரகம். நம்மவர்கள் நல்லாணி என்பார்கள். கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்தில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வளர்த்த ரகம் அது. ஞள்ளானி என்பது அவர் வீட்டுப் பெயர். விளைச்சலைப் பல மடங்கு உயர்த்திய அந்தச் செடியை நடுகிற ஒவ்வொருவரும் அவர் வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் நடுகிறார்கள். போடி மீனாட்சிபுரத்துக் கவிஞர் நா. காமராசனையும் இங்கே நினைக்கிறேன். ‘கறுப்பு மலர்கள்’ தொகுப்பில் சமூகம் ஒதுக்கிவைத்தவர்களைப் பாட்டில் ஏற்றியவர். பரிந்துரைப் படிவம் எதுவும் இல்லாமலே அவர்களுக்கு மரியாதை செய்தவர்.

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில், தோட்டத்தில், பள்ளியில், மலைக்குடியில் நீங்கள் கண்ணால் பார்த்த ஒருவரைப் பற்றி எழுதுங்கள். அடைமொழி எதுவும் வேண்டாம். சேவைச் செம்மல், தியாகச் சுடர் என்று ஒரு சொல் வந்தாலும் அடித்துவிடுவோம். என்ன செய்தார், எந்த ஆண்டு, எந்த இடத்தில், பக்கத்தில் இருந்து பார்த்தவர் யார் என்பது போதும். முதலில் அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் அனுப்புங்கள். சொந்தக்காரரைப் பற்றி எழுதுவதானால் சொந்தம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நாங்கள் நேரில் வந்து, ஊரில் நாலு பேரைக் கேட்டு, சரிபார்த்து இதழில் வெளியிடுவோம். அதில் எந்த விருதுக்குப் பொருந்துமோ அதற்கு உரிய படிவத்தை நிரப்பி அனுப்புவதும் எங்கள் பொறுப்பு. பத்ம விருதுக்கான இணையதளம் கோடையை ஒட்டித் திறக்கும், சில மாதங்களில் மூடிவிடும். பெயர்களைக் குடியரசு தினத்துக்கு முதல்நாள் அறிவிப்பார்கள். உயிர்காத்தவர் விஷயமென்றால் நடந்த உடனே எழுதுங்கள்; பழைய சம்பவங்களை அவர்கள் ஏற்பதில்லை.

எழுத வராது என்று தயங்குகிறவர்கள் நம் அலுவலகத்துக்கே வாருங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஆள் இருப்பார். ஞாயிற்றுக்கிழமையும் திறந்துவைத்திருப்போம், மலைக்குப் போகிறவர்களுக்கு அன்றுதானே ஓய்வு.

அன்புடன்,
ஆசிரியர்